நூறு எண்ணிக் கழுவிய கைகள்

எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வாந்திபேதி கண்ட வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தெருமுனையில் நிற்பார். ஓடிகொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, குடை நுனியால் வீட்டைக் காட்டுவார். "அதோ, அந்த ஓலைக் குடிசை. சீக்கிரம் தூக்குங்கப்பா." நாங்கள் ஆளைத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றுவதற்குள் சைக்கிளில் ஏறிப் பறந்திருப்பார். மறுநாள் அவருடைய அறிக்கையில் "நேரில் சென்று பரிசோதித்தேன்" என்று இருக்கும். அந்த மனுஷனிடம் போய் ஒட்டிக்கொள்ளக் கிருமிக்குக்கூட மனசு வராது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது எங்கள் ஷெட். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டி, இரண்டு கான்வாஸ் ஸ்ட்ரெச்சர், ஒரு டிரைவர், தூக்குவதற்கு இரண்டு பேர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் யாருக்கு வாந்திபேதி, யாருக்குப் பெரியம்மை என்றாலும் தொத்துநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. தூக்குகிற இரண்டு பேரில் நான் ஒருவன். வண்டி தெருவில் நுழைந்தால் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள், காறித் துப்புவார்கள், பிள்ளைகளின் கண்ணைப் பொத்துவார்கள். அதே ஜனங்கள் தங்கள் வீட்டில் ஒருத்தர் விழுந்துவிட்டால் ஷெட் வாசலில் வந்து "சாமி, சாமி" என்று கும்பிடுவார்கள். நான் அவர்களை மதித்ததே இல்லை. குடிக்கிற தண்ணீரிலேயே மாட்டைக் குளிப்பாட்டுகிற கூட்டம் என்று அந்தக் காலத்தில் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிவேன்.

டிரைவர் எங்கள் இருவரைவிடவும் வயதில் மூத்தவர். பர்மாவில் லாரி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த ஒரே சுகாதார விதி, கழுத்தில் தொங்கிய கற்பூரப் பொட்டணமும் இடுப்பில் செருகிய சின்ன பாட்டிலும்தான். மதுவிலக்கு வந்த பிறகும் அந்தப் பாட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. "உள்ள காரமா இருந்தா வெளியிலேருந்து எதுவும் வராது" என்பார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கமாட்டார், நோயாளியைத் தொடமாட்டார். எனக்கு அவரைக் கண்டால் சிரிப்புத்தான் வரும்.

என் ஞானம் வேறு ஜாதி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சமயத்தில் நான் ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் பாதுகாப்புப் படையில் முதலுதவி படித்தவன். எங்களுக்குப் பாடம் சொன்ன மிலிட்டரி டாக்டர் ஒரு வாளியில் லைசால் என்ற கிருமிநாசினியைக் கலந்து வைத்து, முழங்கை வரை முக்கி, நகக்கண்ணைத் தேய்த்து, நூறு எண்ணுகிற வரை கையை எடுக்கக்கூடாது என்று கற்றுக்கொடுத்தார். குண்டு விழவில்லை. அந்த நூறு மட்டும் என் மண்டையில் விழுந்து அப்படியே தங்கிவிட்டது. யுத்தம் முடிந்து இந்த ஷெட்டுக்கு வேலைக்கு வந்தபோது அதை வேதவாக்காகக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஆளையும் இறக்கிவிட்ட பிறகு லைசால் வாளி. சத்தமாக நூறு. நடுவில் யாராவது கையை எடுத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

ஷெட்டில் ரப்பர் கையுறைகளும் இருந்தன. இருந்தன என்றால் இன்ஸ்பெக்டரின் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. "சர்க்கார் சொத்து, கிழிஞ்சா யார் பதில் சொல்றது?" ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று கடுதாசி வந்தது. இன்ஸ்பெக்டர் பயபக்தியோடு பீரோவைத் திறந்தார். மூன்று வெயில்காலம் உள்ளேயே வெந்து, எல்லாக் கையுறைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புக் கட்டியாகக் கிடந்தன. நானும் என் கூட்டாளியும் கத்தியால் நெம்பி ஒரு ஜோடியை மட்டும் பிரித்தெடுத்தோம். அதையும் இன்ஸ்பெக்டரே மாட்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் நின்றார். அதிகாரி "வெரி குட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். காசிமேட்டுக் கடற்கரைக் குப்பத்து ஆள். கட்டுமரத்தில் போனவன். அண்ணன் தம்பி சண்டையில் கடலை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தான். நல்ல உயரம். தோள் இரண்டும் மரம். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் எப்போதும் அவன்தான். என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடுவான். நான் லைசால் பாடம் நடத்துவதை வைத்து ஏற்பட்ட பட்டம் அது. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"இன்னா வாத்தியாரே, தோலு உரிஞ்சிக்கினு வருது. எம்பதோட வுடேன்."

"நூறுன்னா நூறு. கையை உள்ள வையி."

வைப்பான். கடலில் வலை இழுத்த கை, லைசாலில் வெந்து வெள்ளை வெள்ளையாகச் செதிலடித்துப் போயிருந்தது. என் பேச்சுக்காகத்தான் அவன் அதைச் செய்தான்.

அவனுடைய மனைவி கடற்கரையில் ஏலம் எடுத்துத் தெருத் தெருவாக மீன் விற்பவள். மத்தியானம் அவன் சாப்பாட்டை அவளே ஷெட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். சோறும் மீன் குழம்பும் அலுமினியத் தூக்கில். அவன் டிரைவருக்கும் போடுவான், எனக்கும் நீட்டுவான். நான் வேண்டாம் என்றுவிடுவேன். வீட்டுக்குப் போய்க் குளிக்காமல் வாயில் எதையும் போடமாட்டேன். அது சுகாதாரம் அல்ல, என் அம்மா பழக்கிய ஆசாரம். அதோடு குப்பத்துச் சமையல் என்றால் எனக்கு ஓர் இளக்காரம். அதை மறைத்ததும் இல்லை. அவள் தூக்கை வைக்கும்போது நான் மூக்கைச் சுளிப்பேன். அவள் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. திருவொற்றியூருக்கு வடக்கே உப்பளத்தை ஒட்டிய குடிசைகளில் வாந்திபேதி என்று பியூன் சைக்கிளில் வந்து சொன்னான். வண்டி போகிற பாதை கால்வாய்க்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டரும் இந்தப் பக்கமே முடிந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோடு சேற்றில் இறங்கினோம். நோயாளி உப்பள வேலை செய்கிற ஒரு கிழவர். கண் குழிந்து, குரலே போய்விட்டிருந்தது.

திரும்பும்போது கால்வாயில் இடுப்பளவு தண்ணீர். ஸ்ட்ரெச்சரைக் கையில் தொங்கவிட்டால் ஆள் நனைந்துவிடுவார். ஆகவே தோளில் ஏற்றினோம். என் கூட்டாளி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டி, சும்மாடாகத் தோளில் வைத்துக் கட்டையைத் தாங்கினான். அது அவன் குலப் பழக்கம். கடலோரத்து ஆளுக்கு ஒரு துண்டு போதும். வெயிலுக்குத் தலைப்பாகை, பாரத்துக்குச் சும்மாடு, வேர்வைக்குக் கைக்குட்டை, படுத்தால் விரிப்பு. நடுக் கால்வாயில் கிழவர் மறுபடியும் வாந்தி எடுத்தார். கஞ்சித் தண்ணீர் மாதிரி அது கான்வாஸில் வழிந்து, கட்டையோரமாக இறங்கி, அவன் தோளை நனைத்தது. அவன் கட்டையை அசைக்காமல் நடந்தான். நானாக இருந்தால் கிழவரைத் தண்ணீரில் போட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இறக்கினோம். ஷெட்டுக்கு வந்தோம். ஸ்ட்ரெச்சரை பினாயில் போட்டுத் தேய்த்தோம். லைசால் வாளி. நூறு. அன்றைக்கு நூற்றைம்பதாகவே எண்ண வைத்தேன். கையை உதறிவிட்டு அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டான். எனக்கும் நீட்டினான். நானும் துடைத்துக்கொண்டேன். அப்புறம் அவன் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, தூக்கைத் திறந்து, டிரைவருக்கு அவர் தட்டில் கவிழ்த்துவிட்டு, மிச்சத்தைப் பிசைந்து தின்றான். நான் அவர்கள் தின்பதைப் பார்த்தபடி கையுறை இல்லாமலே கிருமியை ஜெயிப்பது எப்படி என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் வேலைக்கு வரவில்லை. அவன் குப்பத்துக்கே வண்டி கேட்டு ஆள் வந்தது.

வேறு வார்டிலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் தெருமுனையில் கைக்குட்டையோடு நின்றார். உள்ளே அவன் பாயில் கிடந்தான். இரண்டு நாளைக்கு முன்னால் கால்வாயைத் தாண்டியவன், ஒரே ராத்திரியில் பாதியாக வற்றியிருந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டபோது என் கையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை.

"நூறு எண்ணுனனே, வாத்தியாரே."

"எண்ணின. எண்ணின."

அன்று சாயங்காலமே செத்துப்போனான்.

தொத்துநோய் வண்டி ஆளே தொத்துநோயில் செத்தால் மேலே பதில் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக ஷெட்டில் நாற்காலி போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்பா, அவன் சரியா கழுவினானா இல்லையா?"

கழுவவில்லை என்று சொன்னால் என் நூறு என்ன ஆவது? எனக்குச் சுருக்கென்று வந்தது. "கழுவினான் சார். நூத்தம்பது எண்ணினோம். நானே பக்கத்துல நின்னேன்."

"அப்போ எங்கேருந்து வந்தது?"

"வீட்டுச் சாப்பாடு சார். தினம் மீன் குழம்பு வரும். நான் தொடமாட்டேன். அதான் நான் நல்லா இருக்கேன்."

இதைச் சொன்னபோது எனக்குத் துக்கம் இருந்தது. அவன்மேல் பிரியமும் இருந்தது. அதையெல்லாம் தாண்டி, கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட பள்ளிக்கூடப் பையனின் திருப்தியும் இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். குற்றம் ஷெட்டை விட்டு வெளியே போய்விட்டதில் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் பிளீச்சிங் பவுடர்க்காரர்கள் அவள் வீட்டுக்குப் போனார்கள். பானைகளில் பவுடரைக் கொட்டினார்கள். பாயையும் மீன்கூடையையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தொத்துநோய் வீடு என்று கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். இது போதாதா குப்பத்துக்கு? கெட்ட மீனைப் போட்டுப் புருஷனைக் கொன்றவள் என்று பேராகிவிட்டது. ஏலத்தில் அவள் கேட்டால் யாரும் விடவில்லை. தெருவில் கூவினால் யாரும் கதவைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பகலில் அவள் ஷெட்டுக்கு வந்தாள். டிரைவர் வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் லைசால் கலந்துகொண்டிருந்தேன். அவன் விட்டுப்போன துணிமணியை எடுத்துப்போக வந்தேன் என்றாள். ஆணியில் ஒரு சட்டையும் அந்தத் துண்டும் மாட்டியபடியே இருந்தன. சட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். துண்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். மீன்காரிக்கு மூக்குத்தான் தராசு. தோளில் வைக்கும் இடம் விறைத்துக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணாத்தே, இத்த யாரு தோச்சாங்க?"

யாரும் துவைக்கவில்லை. ஷெட்டில் ஸ்ட்ரெச்சரைக் கழுவுவோம், வண்டியைக் கழுவுவோம், கையைக் கழுவுவோம். துண்டு அவனவன் சொந்தச் சாமான். அதற்கு விதி கிடையாது.

"அந்தக் கிழவனத் தூக்குன அன்னிக்கு இத்தத்தான் தோள்ல வெச்சிருந்தாரா?"

"ஆமாம்."

"கைய நூறு எண்ணிக் கயுவிட்டு, இதுலியே தொடச்சாரா?"

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"மீனு அலசுன கைய மீனு தொடச்ச துணில தொடச்சா, மறுக்கா அலசணும் அண்ணாத்தே. எங்க தெருவுல பொடிசுக்குக்கூடத் தெரியும். எங் கொயம்பத்தானே டிரைவரு அண்ணனும் துன்னாரு? அவுரு நல்லாத்தானே கீறாரு? அவுரு யாரையும் தொடல, இந்தத் துண்டையும் தொடல. இத்தினி படிச்சவரு நீ, இது தோணலியா உனக்கு?"

அரைக்கிணறு தாண்டியவன் கதை என்று ஊரில் சொல்வார்களே, அது நான்தான். பாக்கி அரைக்கிணற்றில் விழுந்து செத்தவன் அவன். லைசால் என்னைக் காப்பாற்றவில்லை. குளிக்காமல் தின்னாத என் அம்மாவின் ஆசாரம் காப்பாற்றியது. குப்பத்துச் சோற்றைச் சுளித்த என் கொழுப்புக் காப்பாற்றியது.

"நீ போயி அந்த சார்கிட்ட சொல்லு," என்றாள். "எங் கொயம்பு கொல்லலன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு. நீ சொன்னா எய்துவாங்க. எங்க ஆளுங்க நம்புவாங்க."

"சொல்றேன்" என்றேன். டிரைவர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே போனேன். போகாமல் இல்லை. இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த ஆள் முட்டாள் அல்ல என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"சரி, துண்டுதான் காரணம்னு வை. ஷெட்ல கழுவுறதுக்கு யாருப்பா பொறுப்பு? நீதானே எல்லாருக்கும் பாடம் எடுக்கிற? எழுதினதைத் திருத்தணும்னா உன் பேரைப் போட்டுத்தான் திருத்தணும். அஜாக்கிரதைன்னு போடுவாங்க. திருத்தவா?"



அவர் குரலை இறக்கினார். "செத்தவன் செத்துட்டான். இனிமே ஆகவேண்டியதைப் பாரு. துண்டைப் பத்தி ஒரு யோசனையா எழுதிக்கொடு. நல்ல யோசனை. மேலே அனுப்பறேன்."

எழுதிக்கொடுத்தேன். மேஜை ஓரத்தில் நின்றபடி, அவர் பேனாவிலேயே. தோளில் வைக்கும் துணியும் கை துடைக்கும் துணியும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்றும், இரண்டையும் தினமும் கொதிக்கும் நீரில் போடவேண்டும் என்றும் எழுதினேன். "என் நீண்ட அனுபவத்தில் நான் கண்டறிந்தது" என்று ஆரம்பித்தேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அவளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வேறெதற்கும் அசையாத ஆபீஸ் இதற்கு அசைந்தது. புதுத் துண்டுகள் வந்தன. தோளுக்குக் காக்கி, கைக்கு வெள்ளை. கொதிக்க வைக்க ஒரு தகர டிரம் வந்தது. கையுறையைப் பார்த்து "வெரி குட்" சொன்ன அதே அதிகாரி வந்து என் முதுகில் தட்டினார். மற்ற ஷெட்டுகளிலிருந்து ஆட்களை அனுப்பி என்னிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். நான் கற்றுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் யாரும் வாந்திபேதியில் சாகவில்லை. அவள் சொன்னது அவ்வளவு சரி. இன்ஸ்பெக்டரைப் பற்றி இத்தனை வாய் பேசுகிறேனே, அவராவது தெருமுனையில் நின்றுகொண்டு பொய் எழுதினார். நான் வீட்டுக்குள் போய்ச் சாகக் கிடந்தவனைத் தொட்டுத் தூக்கிவிட்டு வந்து எழுதினேன்.

அவள் ஷெட்டுப் பக்கம் மறுபடி வரவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் எல்லை தாண்டி மாதவரத்துக்கு ஓர் அம்மைக் கேஸுக்காகப் போனோம். வழியில், ஊருக்கு வெளியே, புதுக்கூடை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்துகொண்டிருந்தாள். கடற்கரையில் யாரும் வாங்காததால், தன்னைத் தெரியாத ஊரில் விற்க அத்தனை தூரம் நடக்கிறாள். டிரைவர் பிரேக் போட்டார். நான் வேண்டாம் என்பதற்குள் இறங்கிவிட்டார். நான் அவள் கண்ணில் படாமல் இருக்கையில் சரிந்துகொண்டேன்.

நோயாளியைக் கண்டு ஸ்டியரிங்கை விட்டு இறங்காத மனுஷன், காக்கி உடுப்போடு நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து அவள் கூடையில் மீன் பொறுக்கினார். செவுளைத் தூக்கிப் பார்த்து, "புதுசு, புதுசு" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கச் சத்தம் போட்டார். இது முதல் தடவை அல்ல என்பது அவர்கள் பேசிய தோரணையிலேயே தெரிந்தது. அவர் வாரா வாரம் அவளிடம் போய் வாங்கியிருக்கிறார், குப்பத்துத் தெருவிலேயே நின்று, நாலு பேர் பார்க்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீனைத் தாமரை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.

"உள்ள யாருண்ணே குந்திக்கினு கீறாங்க?"

டிரைவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"யாரும் இல்லம்மா. வண்டி காலி."

நான் இருக்கையில் இன்னும் கொஞ்சம் சரிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போகிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன்.